வகுப்பு திருத்திக் கொடுத்த பதில்

என் செல்லக் கண்ணுக்கு அம்மா ஆசையோடு எழுதுவது. இங்கே நான் சுகமாக இருக்கிறேன், இடது முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது, மற்றபடி ஒரு குறையும் இல்லை. அங்கே நீயும் மாப்பிள்ளையும் என் பேத்தி வாலும் எப்படி இருக்கிறீர்கள்? வாலுக்கு அந்த முன்பல் விழுந்துவிட்டதா, இன்னும் ஆட்டிக்கொண்டுதான் திரிகிறாளா? போன தடவை போனில் அவள் ஆட்டிக் காட்டியதைப் பார்த்து எனக்குப் பல் கூசிவிட்டது. நீ கேட்ட கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை என்று உனக்கு மனத்தாங்கல் இருக்கும், தெரியும். "வேலைய விட்டுட்டு இங்கயே வந்துடும்மா, எங்களோடயே இரு" என்று கேட்டாய். அப்பா போன பிறகு நீ இதைக் கேட்பது முதல் தடவை இல்லை, ஆனால் இந்தத் தடவை கேட்டுவிட்டுச் சும்மா இருந்தாய் பார், அது எனக்கு என்னவோ போலிருந்தது. நானும் வழக்கம்போலப் பார்க்கலாம் பார்க்கலாம் என்று பிடி கொடுக்காமல் பேசி, தண்ணீர்த் தொட்டி மோட்டார் கெட்டுப்போன கதைக்குத் தாவிவிட்டேன். இந்தக் கடிதத்தில் பதில் இருக்கிறது, கடைசியில் இருக்கிறது. தாவிப் போய் அதை முதலில் படித்துவிடாதே. கதைப் புத்தகம் வாங்கிக் கொடுத்தால் கடைசிப் பக்கத்தை முதலில் திறக்கிறவள் நீ, உன் குணம் எனக்குத் தெரியாதா? பதில் வந்த வழி தெரியாமல் பதில் மட்டும் தெரிந்தால் நீ அழுவாய், வழியையும் தெரிந்துகொண்டால் ஒருவேளை சிரித்துக்கொண்டே அழுவாய்.

என் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுத்துப் பயிற்சியை இந்த வருடம் கம்ப்யூட்டர் அறைக்கு மாற்றிவிட்டேன் என்று சொன்னேன் அல்லவா, எல்லாரும் ஒரே நேரத்தில் ஒரே பக்கத்தில் எழுதும் அந்த ஏற்பாடு. ஒரு பக்கத்தை நான் திறந்து எல்லாருக்கும் பகிர்ந்துவிட்டால் போதும், அறையில் இருக்கும் அத்தனை திரையிலும் அதே பக்கம், சுவரில் பெரிதாகவும் அதே பக்கம். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நிறம், அந்த நிறத்தில் ஒரு சின்னக் கோடு, அது எங்கே நிற்கிறதோ அந்தப் பிள்ளை அங்கே எழுதுகிறது என்று அர்த்தம். தலைமையாசிரியர் முதலில், ஒரே தாளில் இத்தனை பேர் எழுதினால் அது கட்டுரையா சந்தைக்கடையா என்று கேட்டார். முதல் நாள் சந்தைக்கடைதான், பொய் சொல்ல மாட்டேன், ஒருவன் எழுதியதை இன்னொருத்தி அழிக்க, "மிஸ், என் வரிய எவனோ தின்னுட்டான்" என்று ஒரே கூச்சல். பிறகு சில விதிகள் போட்டேன். அடுத்தவர் வரியில் கை வைப்பதாக இருந்தால் ஓரத்தில் காரணம் எழுத வேண்டும், காரணத்துக்கு அந்த எழுத்திலிருந்தே ஆதாரம் காட்ட வேண்டும், சும்மா "நல்லா இருக்கு" என்று மட்டும் எழுதுகிறவர்கள் வெளியே நிற்க வேண்டும். அதிலிருந்து கூச்சல் அடங்கியது. இத்தனை வருடமாக நான் கட்டுக்கட்டாக நோட்டுகளை வீட்டுக்குச் சுமந்து வந்து திருத்தியதைப் பார்த்தே வளர்ந்தவள் நீ, என் சிவப்புப் பேனாவை ஒளித்து வைத்துவிட்டு ஒன்றும் தெரியாதவள் மாதிரி உட்கார்ந்திருப்பாய். அந்த நோட்டுகளில் நான் பார்த்ததெல்லாம் எழுதி முடித்த எழுத்து. ஒரு பிள்ளை எந்தச் சொல்லில் தயங்கியது, எதை எழுதி அழித்தது, அழித்ததையே மறுபடி எப்போது எழுதியது, இதெல்லாம் எனக்குத் தெரியவே தெரியாது. இப்போது கண்ணெதிரே தெரிகிறது. முதல் தடவை ஒரு வரி பிறப்பதைப் பார்த்தபோது பாடம் எடுக்கவே மறந்து சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

அந்த வகுப்பில் இரண்டு பேரைப் பற்றி உனக்குச் சொல்லியாக வேண்டும், இரண்டுமே அவர்களுக்குள் வைத்துக்கொண்ட பட்டப்பெயர்கள். ஒருவன் கேள்விக்குறி, எதைச் சொன்னாலும் ஏன் மிஸ் என்பான், மணி அடித்தால்கூட ஏன் என்று கேட்கிற ஜாதி. இன்னொருத்தி ரேடியோ, வாயை மூடவே மாட்டாள், எழுதினாலும் அப்படித்தான், ஒரு வரி கேட்டால் ஒரு பக்கம் எழுதி அதில் சொல்ல வந்ததைத் தவிர மற்றதெல்லாம் இருக்கும். அவளிடம், குறைத்து எழுது, வேண்டாததை வெட்டு என்று சொல்லிச் சொல்லி என் தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது.

இனி நான் செய்த கூத்தைக் கேள். நாளைக்கு ஒரு மோசமான கடிதம் எழுதித் தருகிறேன், வேண்டுமென்றே குறைகள் வைத்து எழுதுவேன், எல்லாரும் சேர்ந்து அதைச் சீராக்க வேண்டும் என்று வகுப்பில் சொல்லியிருந்தேன். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் மனம் அதில் ஓடவில்லை, உன் கேள்விதான் ஓடிக்கொண்டிருந்தது. சரி, முதலில் மகளுக்குப் பதில் எழுதிவிடுவோம் என்று உட்கார்ந்தேன். வகுப்புப் பக்கத்தில் என் கண்ணுக்கு ஏற்ற மாதிரி எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருக்கிறேன், புதுப் பக்கம் திறந்தால் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும். அதனால் போன வாரப் பக்கத்தை ஒரு காப்பி எடுத்து, உள்ளே இருந்ததையெல்லாம் அழித்துவிட்டு, உனக்குக் கடிதத்தை எழுதினேன். காப்பி எடுக்கும்போது அது ஒரு கேள்வி கேட்கும், பழைய ஆட்களோடு பகிரவா என்று பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம் இருக்கும். வாராவாரம் அதில் டிக் போட்டுப் போட்டுப் பழகிய கை, நான் சொல்லாமலே போட்டுவிட்டது. பக்கத்தின் பெயரும் வாரப் பயிற்சி என்றே இருந்திருக்கிறது, அதைக் கவனிக்கவில்லை. பாதியில் தூக்கம் வந்தது, மீதியை மறுநாள் எழுதலாம் என்று படுத்துவிட்டேன். வகுப்பு மொத்தத்துக்கும் உன் கடிதத்தைக் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கிய ஒரே அம்மா நானாகத்தான் இருப்பேன்.

மறுநாள் எனக்கு ஓய்வுப் பாடவேளை. ஆசிரியர் அறையில் மூலையில் இருக்கும் கம்ப்யூட்டரில் கடிதத்தை முடிக்கலாம் என்று திறந்தேன். திறந்தால் பக்கம் முழுக்க நிறநிறமாகக் கோடுகள் ஊர்கின்றன. ஊதா, பச்சை, ஆரஞ்சு, நீலம், எல்லாம் என் வரிகளுக்குள். பிள்ளைகளுக்கு அந்த நேரம் கம்ப்யூட்டர் பாடம், பாடம் சீக்கிரம் முடிந்து சார் சும்மா விட்டிருக்கிறார், இவர்கள் சமர்த்தாக வாரப் பயிற்சியைத் திறந்து, நான் சொன்ன அந்த மோசமான கடிதம் இதுதான் என்று வேலையை ஆரம்பித்துவிட்டார்கள். ஓரத்தில் முதல் குறிப்பே என்ன தெரியுமா, "மிஸ் ரொம்பத் திறமையா மோசமா எழுதியிருக்காங்க" என்று ஒருத்தி எழுதியிருக்கிறாள், அதற்குக் கீழே நான்கைந்து பேர் ஆமாம் ஆமாம். நேரத்துக்குச் சாப்பிடு என்று நான் எழுதிய இடத்தில் "மகளுக்குக் கல்யாணமாகி குழந்தை இருக்கு, சாப்பிடத் தெரியாதா, இந்த வரி சும்மா இடத்தை அடைக்குது" என்று ஒருவன். மழை பெய்ததை எழுதியிருந்தேன், "இது யார் வீட்டுக் கடிதத்துலயும் வரும்" என்று ஒரு குறிப்பு. மோட்டார் ரிப்பேர் பத்தியில் மட்டும் குறிப்புகள் குவிந்து கிடந்தன. "இந்த அம்மா ஏன் மோட்டாரைப் பத்தி இவ்ளோ பேசுறாங்க? ஏதோ மறைக்கிறாங்க" என்று எழுதியது யார் என்று நினைக்கிறாய், கேள்விக்குறிதான்.

அதோடு நிற்கவில்லை அவன் கேள்வி. அடுத்த குறிப்பில், "ரெண்டாவது பத்தியில மகள் கூடவே வந்து இருக்கச் சொல்லிக் கேட்டிருக்கா. அதுக்கப்புறம் எங்கயும் பதில் இல்ல. எங்க பதில்?" என்று எழுதி, பதில் இருக்க வேண்டிய இடத்தைத் துல்லியமாகக் காட்டியிருந்தான். அதற்குக் கீழே வகுப்பே இரண்டாகப் பிரிந்துவிட்டது. ஒரு கட்சி, இந்த அம்மாவுக்குப் போக ஆசைதான் என்கிறது, ஆதாரம் கேள், "பேத்தி பல்லைப் பத்தி மட்டும் கேள்விக்கு மேல கேள்வி கேக்குறாங்க, வேற எதையுமே அவங்க கேக்கல." இன்னொரு கட்சி, இல்லவே இல்லை, போக விருப்பமில்லை என்கிறது, அதற்கும் ஆதாரம், "கடிதம் முழுக்கப் பார்க்கலாம் பார்க்கலாம்னு வருது, அவங்க வகுப்பைப் பத்திச் சொல்ற பத்தியில மட்டும் அந்த வார்த்தையே இல்ல, அங்க மட்டும் வரிகள் ஓடுது." கண்ணு, இதைப் படித்ததும் நான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். நானே எழுதிய கடிதம், அந்தப் பத்தியில் அந்தச் சொல் இல்லை என்பது எனக்கே தெரியாது. போய்ப் பார்த்தேன், இல்லைதான். எழுத்திலிருந்தே ஆதாரம் காட்டு என்று நான் போட்ட விதியை வைத்துக்கொண்டு என் மனதுக்குள் விளக்குப் போட்டுப் பார்த்துவிட்டார்கள். அந்த வகுப்பு நாம்தான் என்பதைக்கூட அவர்கள் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை, மிஸ் நம்மையும் கதைக்குள் வைத்துவிட்டார் என்று சந்தோஷப்பட்டிருக்கிறார்கள். வகுப்பில் வீட்டுக்கதை பேசும் வழக்கம் எனக்கு இல்லாததால் நீ ஒருத்தி இருப்பதே அவர்களுக்குத் தெரியாது.

பக்கத்து மேஜையிலிருந்து கணக்கு டீச்சர் எட்டிப் பார்த்தாள், உனக்குத்தான் அவளைத் தெரியுமே, எல்லாவற்றுக்கும் ஒரே வரியில் விடை சொல்கிறவள். விஷயத்தைச் சொன்னதும், "ஐயையோ, மொதல்ல அத மூடுங்கக்கா" என்று பதறினாள். மூடுவதற்கு ஒரு நொடி போதும், பகிர்வை நிறுத்து என்று ஒரு இடத்தில் அழுத்தினால் அத்தனை கோடுகளும் மறைந்துவிடும். மவுஸ் அம்பை அங்கே கொண்டுபோய் வைத்துவிட்டேன். அழுத்தவில்லை. ஏனென்றால் அந்த நேரத்தில் பதில் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வரி எழ ஆரம்பித்தது. நீலக் கோடு வந்து, நான் வரமாட்டேன் என்று எழுதியது. ஆரஞ்சு வந்து, இது கோபத்தில் சொல்வது போல் இருக்கிறது, இந்த அம்மாவுக்குக் கோபம் இல்லை என்று ஓரத்தில் காரணம் எழுதிவிட்டு, இப்போது வர முடியாது என்று மாற்றியது. பச்சை வந்து, முடியாது என்பது பொய், முடியும், விருப்பமில்லை என்று அதையும் அடித்தது. கொஞ்ச நேரம் எந்தக் கோடும் அசையவில்லை. பிறகு இரண்டே சொல்லில் ஒன்று வந்து நின்றது, அதை யாரும் தொடவில்லை. எல்லாக் கோடுகளும் அந்த வரியின் பக்கத்தில் வந்து வரிசையாக நின்று துடித்துக்கொண்டிருந்தன. கணக்கு டீச்சரும் என் தோளைப் பிடித்துக்கொண்டு கண் கொட்டாமல் பார்த்தாள், மூடச் சொன்னதை மறந்தே போனாள்.

அப்போதுதான் ஊதாக் கோடு நகர்ந்தது. ஊதா என்றால் ரேடியோ. போச்சு, இனி ஒரு பக்கம் எழுதி இந்த நல்ல வரியைக் கெடுத்துவிடுவாள் என்று நினைத்தேன். நினைத்த மாதிரியே ஆனால் என்று ஆரம்பித்து மளமளவென்று எழுதிக்கொண்டே போனாள், ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் செய், படம் அனுப்பு, விடுமுறைக்கு வருவேன் என்று என்னென்னவோ. எழுதி முடித்ததும் நின்றாள். பிறகு பின்னாலிருந்து அழிக்க ஆரம்பித்தாள், கண்ணு. ஒரு சொல், இன்னொரு சொல், ஒரு வரி, இன்னொரு வரி, நான் எத்தனை தடவை சொல்லியும் அழிக்காதவள் தானாக அழித்துக்கொண்டே வந்தாள். ஆனால் என்ற சொல்லுக்குப் பின்னால் சின்னதாக ஒரு வாக்கியம் மிஞ்சியது. அதில் வந்து கையை எடுத்துவிட்டாள். இத்தனை நாள் என்னால் எனக்கே சொல்லிக்கொள்ள முடியாத ஒன்றை, பல நிறங்கள் சேர்ந்து தேடி எடுத்து என் கையில் வைத்துவிட்டன. கணக்கு டீச்சர் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "உங்க பசங்க பொல்லாதவங்கக்கா" என்று சொல்லிவிட்டுத் தன் வகுப்புக்குப் போய்விட்டாள்.

அடுத்த பாடவேளை எனக்கு அவர்களோடுதான். போகும் வழியெல்லாம், இது உண்மைக் கடிதம் என்று சொல்வதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே போனேன். சொல்லாமல் விட்டால் எனக்கு மரியாதை மிஞ்சும். ஆனால் அவர்கள் செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்று அவர்களுக்குத் தெரியாமலே போய்விடுமே. உள்ளே போனதும் கேள்விக்குறி எழுந்து, "மிஸ், இந்தக் கடிதத்தை யாருக்காவது அனுப்புவாங்களா, இல்ல சும்மா பயிற்சியா?" என்று கேட்டான், அவன் கேட்காமல் இருந்தால்தான் அதிசயம். அனுப்புவார்கள், என் மகளுக்கு என்று சொன்னேன். திறமையாக மோசமாக எழுதியிருப்பதாகச் சொன்னவள் மேஜைக்குக் கீழே குனிந்துவிட்டாள். "நாங்க எழுதினதையெல்லாம் அழிச்சிடவா மிஸ்?" என்று யாரோ மெதுவாகக் கேட்டார்கள். வேண்டாம் என்றேன். நீங்கள் சொன்னதில் ஒன்றுகூடத் தப்பில்லை, மோட்டார் உட்பட என்றேன், அதற்குத்தான் சிரித்தார்கள், மூச்சும் விட்டார்கள். ரேடியோவிடம், அந்தக் கடைசி வாக்கியம் உனக்கு எப்படிக் கிடைத்தது என்று கேட்டேன். வழக்கமாகக் கேட்பதற்குள் பத்துப் பதில் சொல்கிறவள் காலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "எங்க அண்ணன் வெளியூருக்குப் போனப்ப லீவுக்கு வா வான்னு கூப்பிட்டுட்டே இருந்தான் மிஸ். பரீட்சை இருக்கு, பாட்டு கிளாஸ் இருக்குன்னு வரலன்னுட்டேன். இப்பக் கூப்பிடுறதே இல்ல. எனக்குத் தொந்தரவா இருக்கும்னு விட்டுட்டானாம்" என்றாள்.

அவர்கள் மாற்றச் சொன்ன வரிக்குப் பக்கத்தில் ஒரு டிக் குறி இருக்கும், அதை அழுத்தினால் அவர்கள் எழுதிய நிறம் போய் அது என் எழுத்தாகிவிடும். சுவரில் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க அதை அழுத்தினேன்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். என்னைத் தடுத்து நிறுத்துவது வீடு இல்லை, மோட்டார் இல்லை, அப்பாவின் நாற்காலியும் இல்லை, அதெல்லாம் நான் சொல்லிக்கொண்ட சாக்கு. என் வேலையில் இனி பார்க்க ஒன்றும் பாக்கியில்லை, ஓய்வு வரும் வரை ஓட்ட வேண்டியதுதான் என்று நினைத்திருந்தேன். இப்போது பார், ஒவ்வொரு நாளும் வாயைப் பிளந்துகொண்டு பார்க்கிற மாதிரி ஒன்று என் கண்ணெதிரே நடக்கிறது. பெரிய விடுமுறைக்கு அங்கே வருகிறேன், கையில் திரும்பி வரும் டிக்கெட்டோடு வருகிறேன், வாலுக்குப் புதுப்பல் முளைப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறேன். இதைச் சொல்ல எனக்கு ஏன் இவ்வளவு தயக்கம் என்றால், நீ விவரம் தெரிந்தவள், வேண்டாம் என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் சரிம்மா என்று புரிந்துகொள்வாய், மறுபடி தொந்தரவு செய்ய மாட்டாய். நீ அப்படிப் புரிந்துகொண்டுவிடுவாயோ என்றுதான் எனக்குப் பயம்.

இந்தக் கடிதம் புதுப் பக்கத்தில் எழுதியது, இதில் நாம் இருவர் மட்டும்தான், பகிரும் கட்டத்தைத் திறந்து பார்த்துவிட்டேன், கணக்கு டீச்சரையும் கூப்பிட்டுக் காட்டிவிட்டேன். நீயும் இதில் எழுதலாம், ஓரத்தில் குறிப்புப் போடலாம், வெட்டலாம், சண்டை போடலாம், நல்லா இருக்கு என்று மட்டும் எழுதினால் வெளியே நிற்க வேண்டும். உனக்கு என்ன நிறம் வருமோ தெரியவில்லை, நீ உள்ளே வந்தால் எனக்குத் தெரியும். ஒன்றும் எழுதத் தோன்றாவிட்டால் சும்மா வந்து நில், அது போதும். நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடியில்லாமல், ஒருவர் பேச்சை ஒருவர் கேட்டுக்கொண்டு நன்றாக இருக்க வேண்டும், வால் வளர்ந்து உன்னைக் கேள்வி கேட்டே திணறடிக்க வேண்டும், இது என் ஆசீர்வாதம். விழுந்த பல்லைத் தூக்கிப் போட்டுவிடாதே, எனக்காக எடுத்து வை. பதினொன்றாம் வகுப்பு கண்டுபிடித்து, நான் ஒப்புக்கொண்ட அந்த வரியை இங்கே எழுதி முடிக்கிறேன்.

நான் வரவில்லை. ஆனால் நீ கூப்பிடுவதை நிறுத்திவிடாதே.

உன் குரலுக்குக் காத்திருக்கும்
அம்மா